10 ஆட்டங்களில் 9 புள்ளி, அடுத்த 8-இல் 20: சென்னையின் எஃப்சியின் 2019-20 திருப்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் தடுமாறிய அணிகள் பல. சீசனின் பாதியில் நிமிர்ந்து இறுதிப்போட்டி வரை போனவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் 2019-20 சென்னையின் எஃப்சிக்குத் தனி இடம் உண்டு. "பயிற்சியாளர் மாறினார், கோல்கள் கொட்டின" என்று அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் கீழே உள்ள கேள்விகள்.

அந்த சீசன் தொடங்கும்போது அணி எந்த நிலையில் இருந்தது?

2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்று இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கிய அணி இது. அடுத்த சீசனிலேயே பட்டியலின் அடிக்குப் போனது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, மொத்தம் 9 புள்ளி.

அதனால் 2019-இல் வெளிநாட்டு வீரர்கள் பட்டியல் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. லிதுவேனியாவிலிருந்து முன்கள வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலிலிருந்து ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவிலிருந்து ஆந்த்ரே ஷெம்ப்ரி, ருமேனியாவிலிருந்து தற்காப்பு வீரர் லூசியன் கோயான், ஆப்கானிஸ்தானிலிருந்து மாசி சைகானி என்று வந்தார்கள். இந்திய வீரர்களில் மிசோரமின் இளம் விங்கர் லாலியன்சுவாலா சாங்டே வந்தார். கோப்பை வென்ற ஆண்டில் அணிக்காகக் கோல் குவித்த ஜெஜே லால்பெக்லுவா முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுவதும் களமிறங்கவில்லை. கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரெகரி தொடர்ந்தார்.

தொடக்கம் உண்மையில் அவ்வளவு மோசமா?

ஆம். கோவாவில் 0-3 தோல்வி. சென்னையில் மும்பையுடன் 0-0 டிரா. சென்னையிலேயே கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 0-1. பெங்களூருவில் 0-3. நான்கு ஆட்டங்கள் முடிந்தும் கோல் கணக்கு தொடங்கவில்லை.

ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். அதிலும் 90 நிமிடம் வரை கோல் இல்லை. நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஷெம்ப்ரி அடித்தார். ஹைதராபாத் உடனே சமன் செய்தது. கடைசி மூச்சில் வால்ஸ்கிஸ் அடித்து 2-1 என வெற்றி தேடித் தந்தார். நேரு விளையாட்டரங்கில் ஐந்து ஆட்டங்களுக்கான ஆரவாரம் சில நிமிடங்களில் தீர்க்கப்பட்டது. அடுத்து ஒடிசாவுடன் 2-2. அதோடு கிரெகரி விலகினார். ஆறு ஆட்டம், நான்கு கோல், 5 புள்ளி.

கோல் வரவில்லை என்றால் வாய்ப்புகளே உருவாகவில்லை என்றுதானே பொருள்?

இல்லை. எந்த அணியைப் பார்த்தாலும் முதலில் பிரித்தறிய வேண்டிய விஷயம் இதுதான். வாய்ப்பு உருவாகாத அணி வேறு, உருவான வாய்ப்பைத் தவறவிடும் அணி வேறு. ஸ்கோர்பலகையில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான்.

இதை அளக்கத்தான் இப்போது 'எக்ஸ்ஜி' என்ற கணக்கு இருக்கிறது. ஒரு ஷாட் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எப்படி வந்த பந்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணாகச் சொல்வார்கள். பெனால்டி என்றால் ஏறத்தாழ முக்கால். கோல் முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடிப்பது நூற்றில் சில மட்டுமே. ஓர் அணி தொடர்ந்து நல்ல இடங்களிலிருந்து ஷாட் அடித்தும் கோல் விழவில்லை என்றால், அந்த வறட்சி பெரும்பாலும் நீடிக்காது. முப்பது மீட்டர் தொலைவிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும் அணிக்கு அந்த நம்பிக்கையைத் தர முடியாது.

சென்னையின் முதல் நான்கு ஆட்டங்களில் இரண்டு வகைக் குறையும் இருந்தது. வெளியூரில் ஆடிய இரண்டிலும் எதிரணி முழு ஆதிக்கம் செலுத்தியது. சென்னையில் நடந்த இரண்டில் பந்து முன்னால் போனது, முடிப்பதற்கு ஆள் இல்லை. வால்ஸ்கிஸ் கோல் அடிக்கத் தெரியாதவர் இல்லை என்பது சீசன் முடிவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்டோபரில் அதைச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

கிரெகரி மோசமான பயிற்சியாளரா?

கோப்பை வென்றவரை அப்படிச் சொல்வது அபத்தம். அவர் காலத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் மட்டும் நான்கு கோல்கள் விழுந்தன என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அடைப்பு திறக்கத் தொடங்கிய வாரத்தில்தான் அவர் கிளம்பினார். ஆனால் முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த பயிற்சியாளருக்குப் பொறுமைக் கணக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

ஓவன் காய்ல் யார்?

ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்து அணிக்கு ஆடியவர். முன்னாள் முன்கள வீரர். இங்கிலாந்தின் பர்ன்லி அணியை 2009-இல் பிரீமியர் லீக்குக்கு உயர்த்தினார். பிறகு போல்டன், விகன், பிளாக்பர்ன் அணிகளிலும் அமெரிக்காவின் ஹூஸ்டன் டைனமோவிலும் பணியாற்றினார். 2019 டிசம்பர் தொடக்கத்தில் கிரெகரியின் இடத்தில் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்தார்.

வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டதா?

இது கதையின் மிகவும் திரிக்கப்பட்ட பகுதி. காய்லின் முதல் நான்கு ஆட்டங்கள்: ஜாம்ஷெட்பூரில் 1-1, சென்னையில் கேரளா பிளாஸ்டர்ஸை 3-1, சென்னையிலேயே கோவாவிடம் 3-4 தோல்வி, ஒடிசாவிடம் 0-2 தோல்வி. நான்கில் 4 புள்ளி. 2020 ஜனவரி 6-ஆம் தேதி இரவு, பத்து ஆட்டங்கள் முடிந்த நிலையில், அணியிடம் இருந்தது 9 புள்ளி. அன்று யாராவது "இந்த அணி இறுதிப்போட்டிக்குப் போகும்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அடுத்த எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே இல்லை. 20 புள்ளி. நான்காம் இடம், அதனால் முதல் நான்கு அணிகள் கோப்பைக்காக மோதும் பிளே-ஆஃப் சுற்றில் இடம்.

அவர் களத்தில் எதை மாற்றினார்?

ஆட்களை அல்ல. தாக்குதலின் நான்கு தூண்களான வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, ஷெம்ப்ரி நால்வருமே காய்ல் வருவதற்கு முன் ஒப்பந்தமானவர்கள். ஜனவரியில் புதிதாக வந்து அணியைத் தூக்கி நிறுத்திய ஆபத்பாந்தவன் என்று யாரும் இல்லை.

மாறியது இடமும் துணிச்சலும். கிரிவெல்லாரோ வால்ஸ்கிஸுக்குப் பின்னால் சுதந்திரமாக உலவினார். பந்தைத் தேடிப் பின்னால் இறங்குவதும், கிடைத்தவுடன் முன்னால் அனுப்புவதும் அவர் விருப்பம். சாங்டேவின் வேகத்துக்கு முன்னால் வெற்றிடம் இருக்கும்படி பந்து சீக்கிரம் முன்னேறியது. இரு பக்கத் தற்காப்பு வீரர்களும், குறிப்பாக இடப்பக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா, மேலேறி ஆடினார்கள். பந்தை இழந்தவுடன் எல்லோரும் பின்னால் ஓடாமல் முன்களத்திலேயே நெருக்கிப் பிடுங்க முயன்றார்கள். கொச்சியில் 6-3 என வென்ற ஆட்டத்தில் கேரளத்தின் பின்களம் பந்தைக் கையாளும்போது செய்த பிழைகளுக்கு இந்த நெருக்கடிதான் காரணம். பரிசுபோலக் கிடைத்த கோல்கள் என்று எழுதினார்கள். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் அந்தப் பரிசை யார் வாங்குவது?

கிரிவெல்லாரோவை ஏன் எல்லோரும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

தகுதியானவர் என்பதால். இடது காலால் ஆடும் இந்தப் பிரேசில்காரர் போர்ச்சுகலில் நெடுங்காலம் ஆடியவர். நார்த்ஈஸ்ட் அணிக்கு எதிராகச் சென்னையில், கோல்கீப்பர் முன்னால் நிற்பதைப் பார்த்து ஏறத்தாழ மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்தே அவர் அடித்த கோல் இன்றும் காணொளியாகச் சுற்றுகிறது. ஆனால் என் கணக்கில் அது அவருடைய பெருமைகளில் சிறியது. ஒரு முன்கள வீரர் ஓடத் தொடங்கும் கணத்துக்கு முன்பே பாஸைக் கொடுத்துவிடும் ஒருவர் அணியில் இருந்தால், மற்ற மூன்று பேரின் ஓட்டத்துக்கும் பொருள் வந்துவிடுகிறது. அக்டோபரிலும் சாங்டே ஓடினார். பந்துதான் வரவில்லை.

வால்ஸ்கிஸ் திடீரென்று திறமைசாலி ஆகிவிட்டாரா?

முன்கள வீரர்களின் கோல்கள் மாதச் சம்பளம் போலச் சீராக வருவதில்லை. சில வாரம் எதுவும் இல்லை, பிறகு மொத்தமாக. வால்ஸ்கிஸ் அந்த சீசனை 15 கோல்களுடன் முடித்து, கேரளாவின் ஓக்பெச்சே, ஏடிகேயின் ராய் கிருஷ்ணா இருவரோடும் எண்ணிக்கையில் சமமாக நின்று, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். முதல் நான்கு ஆட்டங்களில் பூஜ்யம் என்று தொடங்கியவர்.

ஒரு நுட்பம். அவர் அடித்த கோல்களில் பெரும்பாலானவை அழகானவை அல்ல. சரியான இடத்தில் நின்று, கிடைத்ததைத் தள்ளிவிட்டவை. அப்படிப்பட்ட வீரருக்கு அருகில் பந்து அடிக்கடி வர வேண்டும். தனியாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் வகையினர் அல்ல அவர். அணி பின்னால் ஒடுங்கி ஆடினால் முதலில் காணாமல் போவது இத்தகைய வீரர்தான். அணி பத்து மீட்டர் மேலேறினால் முதலில் பலன் பெறுவதும் அவரே.

இந்திய வீரர்களின் பங்கு?

பேசப்பட்டதைவிட அதிகம். சாங்டே கொச்சியில் இரண்டு கோல், கோவாவுக்கு எதிரான அரை இறுதியின் இரண்டு கட்டங்களிலும் தலா ஒரு கோல் அடித்தார். டேராடூன்காரரான அனிருத் தாப்பா நடுக்களத்தில் ஓயாமல் ஓடினார். அரை இறுதியில் அவரும் ஒரு கோல் போட்டார்.

நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சீசனில் இந்தியாவின் இன்னொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தவர். நடுக்களத்தின் ஆழத்தில் நின்று எதிரணியின் பதில் தாக்குதலை வெட்டும் வேலை அவருக்கு. இந்த வேலை செய்பவரின் பெயர் கோல் பட்டியலில் வராது. ஆனால் அவர் அங்கே நிற்காவிட்டால் கிரிவெல்லாரோ அவ்வளவு சுதந்திரமாக உலவியிருக்க முடியாது.

எதிரணிகள் எளிதாக அமைந்ததும் ஒரு காரணம் இல்லையா?

இந்தக் கேள்வியை ரசிகர்கள் விரும்புவதில்லை. நானோ இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

அந்த சீசனின் இறுதிப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: கோவா, ஏடிகே, பெங்களூரு, சென்னை, மும்பை, ஒடிசா, கேரளா, ஜாம்ஷெட்பூர், நார்த்ஈஸ்ட், ஹைதராபாத். கோல் வராத முதல் நான்கு ஆட்டங்களின் எதிரணிகள் கோவா, மும்பை, ஏடிகே, பெங்களூரு. அதாவது பட்டியலின் 1, 5, 2, 3. சென்னையைத் தவிர முதல் ஐந்து இடங்களில் இருந்த அத்தனை பேரையும் வரிசையாகச் சந்தித்தார் கிரெகரி.

ஜனவரி 10 முதல் பிப்ரவரி 1 வரை காய்ல் பெற்ற நான்கு தொடர் வெற்றிகளைப் பாருங்கள். ஹைதராபாத்தில் 3-1, நார்த்ஈஸ்டுடன் 2-0, ஜாம்ஷெட்பூருடன் 4-1, கொச்சியில் 6-3. இவை 10, 9, 8, 7-ஆம் இடங்களில் முடித்த அணிகள், அதே வரிசையில்! நான்கு ஆட்டங்களில் 15 கோல். லீக் சுற்றில் காய்லின் 12 ஆட்டங்களில் விழுந்த 28 கோல்களில் 21 இந்தக் கடைசி நான்கு அணிகளுக்கு எதிரானவை.

ஆகவே "ஆறு ஆட்டத்தில் 4 கோல், பன்னிரண்டில் 28" என்ற ஒப்பீடு நேர்மையானதல்ல.

அப்படியானால் எல்லாம் அட்டவணையின் தயவுதானா?

அதுவும் இல்லை. நேர்மையான ஒப்பீடு ஒன்றைச் செய்ய அந்த சீசன் நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. கிரெகரி சந்தித்த அதே ஆறு அணிகளையும் காய்ல் ஒருமுறை சந்தித்தார்.

கோவா: முன்பு 0-3, பிறகு 3-4. மும்பை: முன்பு 0-0, பிறகு 1-0. ஏடிகே: முன்பு 0-1, பிறகு 3-1. பெங்களூரு: முன்பு 0-3, பிறகு 0-0. ஹைதராபாத்: முன்பு 2-1, பிறகு 3-1. ஒடிசா: முன்பு 2-2, பிறகு 0-2.

கூட்டிப் பாருங்கள். 4 கோல் 10 ஆனது. 5 புள்ளி 10 ஆனது. வாங்கிய கோல் 10-லிருந்து 8-ஆகக் குறைந்தது. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது: கிரெகரிக்கு இந்த ஆறில் நான்கு சென்னையில் நடந்தவை, காய்லுக்கு நான்கு வெளியூரில். கடினமான பாதியில்தான் இந்த முன்னேற்றம்.

ஆறு ஆட்டங்கள் மிகச் சிறிய மாதிரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சீசனுக்குள் இதைவிடச் சுத்தமான சோதனை கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நான்கு, இருபத்தெட்டு ஆனது என்பது மிகை. நான்கு, பத்து ஆனது என்பதுதான் அணியின் உண்மையான வளர்ச்சி. மீதி 18 கோல்கள் ஜாம்ஷெட்பூர், கேரளா, நார்த்ஈஸ்ட் ஆகிய மூவருடன் ஆடிய ஆறு ஆட்டங்களில் வந்தவை, அந்த மூவரையும் கிரெகரி சந்திக்கவே இல்லை.

தாக்குதல் கூடினால் தற்காப்பு குலைந்துவிடாதா?

பார்க்கும்போது அப்படித்தான் தோன்றியது. 3-4, 6-3 என்றெல்லாம் ஸ்கோர் வந்தால் யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. முதல் ஆறு ஆட்டங்களில் 10 கோல் வாங்கிய அணி அடுத்த பன்னிரண்டில் 16 தான் வாங்கியது. பந்து எதிரணியின் பாதியில் அதிக நேரம் இருந்தால் நம் கோல்கீப்பர் விஷால் கைத்துக்கு வேலை குறையும். கோவா போல வேகமாகப் பந்தைச் சுழற்றும் அணி வந்தபோது மட்டும் பின்னால் திறந்திருந்த கதவு தெரிந்தது.

நான்காம் இடத்தில் வந்த அணி கோவாவை எப்படி வென்றது?

லீக் சுற்றில் 46 கோல் அடித்து முதலிடம் பிடித்த அணி கோவா. சென்னையில் நடந்த முதல் கட்ட அரை இறுதியில் சென்னை 4-1 என வென்றது. அந்த நான்கு கோல்களை அடித்தவர்களைக் கவனியுங்கள்: கோயான், தாப்பா, எலி சாபியா, சாங்டே. வால்ஸ்கிஸும் இல்லை, கிரிவெல்லாரோவும் இல்லை. இருவர் தற்காப்பு வீரர்கள். எதிரணியின் கவனமெல்லாம் இரண்டு பேர் மீது இருக்கும்போது மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. பிளே-ஆஃபை உறுதி செய்த மும்பை ஆட்டத்திலும் ஒரே கோலை அடித்தவர் கோயான்தான். தாக்குதல் அணி என்று பெயர் வாங்கியபின் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது ஒரு தற்காப்பு வீரரின் கோலால்.

இரண்டாம் கட்டத்தில் கோவா முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் சாங்டேவும் வால்ஸ்கிஸும் அடித்த இரண்டு கோல்கள் காப்பாற்றின. 2-4 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று சென்னை தப்பியது. நெஞ்சு வலி உள்ளவர்கள் பார்க்கக் கூடாத ஆட்டம்.

பயிற்சியாளரை மாற்றினாலே அணி எழுந்துவிடும் என்கிறார்களே?

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் இதை ஆராய்ந்திருக்கிறார். 1986 முதல் 2004 வரை நெதர்லாந்து லீக்கில் பயிற்சியாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு மோசமாகத் தோற்றும் நீக்காமல் பொறுத்திருந்த அணிகளோடு ஒப்பிட்டார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மீண்டன. மோசமான காலத்தின் அடியில்தான் பயிற்சியாளர்கள் நீக்கப்படுகிறார்கள். அங்கிருந்து யார் வந்தாலும் மேலேதான் போக முடியும்.

அந்த சீசனின் கோவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அணி உச்சியில் இருக்கும்போதே, 2020 ஜனவரி இறுதியில், செர்ஜியோ லொபேராவை அது நீக்கியது. இடைக்காலப் பொறுப்பேற்ற கிளிஃபோர்ட் மிராண்டாவின் கீழ் தொடர்ந்து வென்று லீக்கில் முதலிடத்தையும் பிடித்தது. அங்கே யாரும் புதுப் பயிற்சியாளரின் மந்திரம் என்று எழுதவில்லை. நல்ல அணி நல்ல அணியாகவே இருந்தது என்றுதான் எழுதினார்கள். சென்னைக்கும் அந்த அளவுகோலைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

ஆட்ட வடிவத்தை மாற்றினால் போதுமா?

சில நேரம். உலகமறிந்த உதாரணம் 2016-17 செல்சி. செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-3 எனத் தோற்றபின் அந்தோனியோ காண்டே மூன்று தற்காப்பு வீரர்களைக் கொண்ட 3-4-3 முறைக்கு மாறினார். அடுத்து லீக்கில் 13 தொடர் வெற்றிகள், முடிவில் 93 புள்ளிகளுடன் பட்டம். ஆனால் அங்கே அசார், கோஸ்டா, காண்டே (பயிற்சியாளர் அல்ல, பிரெஞ்சு நடுக்கள வீரர்) எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். வடிவம் அவர்களுக்கு வசதியான இடத்தைக் கொடுத்தது. சரக்கு இல்லாத அணி எத்தனை எண்களைத் தாளில் மாற்றி எழுதினாலும் கோல் வராது.

ஜனவரியில் ஒரே ஒரு நல்ல வீரரை வாங்கினால்?

அதுவும் நடக்கும். மான்செஸ்டர் யுனைடெட் 2020 ஜனவரியில் பர்ன்லியிடம் சொந்த மண்ணில் 0-2 எனத் தோற்றுக் கேலிக்கு ஆளானது. மாத இறுதியில் புருனோ ஃபெர்னாண்டஸ் வந்தார். மீதமிருந்த 14 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் மூன்றாம் இடம் பிடித்தது. முன்னால் ஓடுபவர்கள் இருந்தும் பாஸ் கொடுக்க ஆள் இல்லாத அணிக்குப் பாஸ் கொடுப்பவர் வந்தால் நடப்பது இது. சென்னைக்கு அந்த ஆள் கையிலேயே இருந்தார்.

இறுதிப்போட்டியில் அந்தத் தாக்குதல் எங்கே போனது?

2020 மார்ச் 14, கோவாவின் ஃபதோர்டா மைதானம். கொரோனா அச்சத்தால் பார்வையாளர் யாரும் இல்லை. ஏடிகே 3-1 என வென்றது. ஜாவி ஹெர்னாண்டஸ் இரண்டு, எடு கார்சியா ஒன்று, சென்னைக்கு வால்ஸ்கிஸ் ஒன்று. ஒரு மாதத்துக்கு முன் கொல்கத்தாவில் சென்னை இதே ஏடிகேயை இதே 3-1 கணக்கில் வென்றிருந்தது.

ஏடிகேயின் அந்தோனியோ ஹபாஸ் இந்த லீக்கின் முதல் பட்டத்தையும் 2014-இல் வென்றவர். பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு, அது முன்னேறி வந்தபின் பின்னால் விட்ட வெற்றிடத்தில் அடிப்பது அவருக்குக் கைவந்த கலை. மேலேறி ஆடும் சென்னைக்கு அதைவிடப் பொருந்தாத எதிரணி இல்லை. 10-ஆவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கியபின் ஹபாஸ் விரும்பிய ஆட்டம்தான் நடந்தது.

வேறொரு அணி இப்படித் தடுமாறும்போது ரசிகர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எதிரணிகளின் பட்டியலை. தோற்றது யாரிடம், அடுத்து வரப்போவது யார் என்று பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை இருக்கும். பிறகு ஷாட்கள் பெட்டிக்கு உள்ளேயிருந்து வருகின்றனவா, வெளியேயிருந்தா என்று பாருங்கள். முன்கள வீரர் பந்தைத் தொடும் இடம் எங்கே என்று கவனியுங்கள். நடுக்கோட்டுக்கு அருகில் வந்து வாங்கிக்கொண்டிருந்தால் சிக்கல் அவரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கிறது. காயத்திலிருந்து யார் திரும்பி வருகிறார்கள் என்பது பயிற்சியாளரின் பேட்டியைவிட முக்கியம்.

புதுப் பயிற்சியாளரின் முதல் வெற்றியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் தோல்வியை வைத்தும்தான்.

அந்தத் திருப்பம் ஏன் நீடிக்கவில்லை?

காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2020-21 சீசனில் சாபா லாஸ்லோ பொறுப்பேற்றார். கிரிவெல்லாரோ இருந்தார், ஆனால் சீசனின் நடுவே காயமடைந்து வெளியேறினார். 20 ஆட்டங்களில் சென்னை அடித்தது 17 கோல். 11 ஆட்டங்கள் டிரா. எட்டாம் இடம்.

தாப்பா, சாங்டே, எட்வின், கைத் எல்லோரும் அதே சீருடையில் இருந்தார்கள். பாஸ் கொடுப்பவரும் அதை முடிப்பவரும் இல்லாமல் போனதும் அணி மறுபடி 2019 அக்டோபருக்குத் திரும்பியது.

காய்லுக்குப் பெருமை சேர வேண்டாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. 2021-22-இல் ஜாம்ஷெட்பூரை லீக் சுற்றில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் ஷீல்டு வென்று காட்டியவர். கையில் இருக்கும் தாக்குதல் வீரர்களைப் பூட்டி வைக்காமல் ஆட விடும் துணிச்சல் அவருக்கு உண்டு, அது எல்லாப் பயிற்சியாளர்களிடமும் இருப்பதில்லை. இல்லாத வீரரை அவரால் உருவாக்க முடியாது, அவ்வளவுதான்.

2023-இல் அவர் மீண்டும் சென்னைக்கு வந்தாரே?

வந்தார். கிரிவெல்லாரோவும் திரும்பி வந்தார். 2023-24-இல் அணி ஆறாம் இடம் பிடித்து, 2020-க்குப் பிறகு முதல் முறையாக பிளே-ஆஃப் ஆடியது. கோவாவிடம் 1-2 எனத் தோற்று வெளியேறியது. அதற்கடுத்த சீசனில், அதே காய்லின் கீழ், 13 அணிகளில் பதினோராம் இடம்.